ரோட்டர் எடையைக் குறைக்கலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி. கார் பாடி ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. வீல், டயர், பிரேக் ரோட்டர் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழ. கீழ இருக்கும் எடை குறைந்தால், வீல் மேடுபள்ளத்தில் சட்டென்று ஏறி இறங்கும். டயர் ரோட்டை விடாது.

ஆனா ரோட்டர் ஒரு ஹீட் சிங்க்கும்கூட. 1,500 கிலோ கார் 100 கிமீ வேகத்திலிருந்து நின்றால் சுமார் 580 கிலோஜூல் வெப்பம். முன் ரோட்டர் ஒன்றுக்கு 200 என்று வெச்சுக்குவோம். 8 கிலோ இரும்பு ரோட்டர் சுமார் 54 டிகிரி சூடேறும். 5 கிலோ என்றால் 87. மலை இறக்கத்தில் இது மேல மேல சேரும். பிரேக் பிடிப்பு குறையும்.

அதனால பேட் உரசுற வளையத்தில் கை வைக்காதீங்க. நடுப்பகுதி மட்டும் அலுமினியமா இருக்கிற டூ-பீஸ் ரோட்டர் பாருங்க. இல்லன்னா வீல் எடையைக் குறைங்க.