நாட்டு விடுதலையும் நாவலும்

கும்பகோணத்திற்குக் கிழக்கே, காவிரி பாய்ந்து வளஞ்செய்யும் நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ளது திருவிடைமருதூர். மகாலிங்கப் பெருமான் திருக்கோயிலாலும், பட்டினத்தார், பத்திரகிரியார் ஆகியோர் நினைவாலும் புகழ் பெற்ற இவ்வூருக்குத் தஞ்சை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தஞ்சை மராட்டிய மன்னர் அமரசிங்கரை அரியணையினின்றும் இறக்கி, இரண்டாம் சரபோசியை அதில் அமர்த்தினர். முடியிழந்த அமரசிங்கர் திருவிடைமருதூரை அடைந்து, தம் எஞ்சிய நாள்களை இங்கே கழித்தார். 1799-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையால் தஞ்சைச் சீமையின் ஆட்சி கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. சரபோசிக்கு எஞ்சியவை கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியுமே.

ஒரு நாடே கைம்மாறிய இந்நிகழ்ச்சியைப் பற்றி, வயலில் நாற்று நட்டவரும் தறியில் அமர்ந்தவரும் என்ன எண்ணினர்? அவர்தம் உள்ளத்தைக் காட்டும் நூல் அந்நாளில் தோன்றவில்லை. மன்னர் மாறியதை ஆவணங்கள் கூறும். மக்கள் மனம் மாறியதைக் கூற வேறொரு இலக்கிய வகை வேண்டும். உரைநடையில் அமைந்த நெடுங்கதையாகிய நாவல் தமிழுக்கு வர இன்னும் எண்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அது வந்ததும் காவிரிக் கரையினின்றே வந்தது. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பர். நகைச்சுவையும் நல்லுரையும் கலந்த கதை அது. வெள்ளையரின் நீதிமன்றத்தில் ஊதியம் பெற்றவர் அவ்வாட்சியை வெளிப்படையாக எதிர்த்து எழுதுவார் என எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்குதல் வேண்டும் என்று அந்நூலிலே அவர் வாதிடுகின்றார். வழக்காடுவோனுக்கு விளங்காத மொழியில் அவனது வழக்கை முடிப்பது முறையாகாது என்னும் அவ்வாதத்தை, மெல்லிய குரலில் எழுந்த முதல் எதிர்ப்பு எனக் கொள்ளலாம்.

இதற்கு எட்டாண்டுகளுக்குப்பின், கீழ்க்கடலில் நெல்விளையும் மற்றொரு நாட்டைச் சார்ந்த இளைஞர் ஒருவர், மெல்லிய குரலை விடுத்து உரத்த குரலில் பேசினார். பிலிப்பைன் தீவுகள் முந்நூறாண்டுகட்கு மேலாக ஸ்பெயின் நாட்டின் ஆட்சியிற் கிடந்தன. அரசின் அதிகாரிகளினும் மிக்க செல்வாக்குடையவராய், பரந்த நிலங்கட்கு உடையவராய் அங்கே விளங்கியவர் துறவிச் சபையினர். கலாம்பா என்னும் ஊரில் பிறந்த ஹோசே ரிசாலின் குடும்பமும் அத்தகையதொரு சபையின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பமே. மருத்துவம் பயின்ற ரிசால் 1887-இல் பெர்லின் நகரில் 'நோலி மே தாங்கெரே' என்னும் நாவலை அச்சிட்டார். நண்பரிடம் கடன் பெற்று அச்சிட்ட படிகள் இரண்டாயிரம்.

ஐரோப்பாவில் கற்றுத் திரும்பும் இபார்ரா என்னும் இளைஞன், தன் தந்தை சிறையில் மாண்டதையும், புதைத்த உடலையும் பாதிரியார் ஒருவரின் ஆணையால் தோண்டியெடுத்து ஏரியில் எறிந்ததையும் அறிகின்றான். அவன் பழிவாங்க நினையாமல் ஊருக்கு ஒரு பள்ளி கட்ட முயல்கின்றான். அந்நற்செயலே அவனுக்குப் பகையைத் தேடித் தருகின்றது. செய்யாத கலகத்திற்கு அவனே தலைவன் எனக் குற்றம் சாட்டப்படுகின்றது. இக்கதையின் ஊடே சீசா என்னும் ஏழைத் தாய் வருகின்றாள். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட தன் சிறுவனைக் காணாது சித்தம் கலங்கி அலையும் அவள், படிப்போர் நெஞ்சைவிட்டு அகலாள். வரிக் கணக்கும் சட்டப் பிரிவும் காட்டவியலாத கொடுமையை ஒரு தாயின் அலறல் காட்டிவிடுகின்றது. அரசியல் நாவலின் ஆற்றல் அங்கேதான் உள்ளது.

ரிசால் அயலாரை மட்டும் சாடினாரல்லர். தன்னை ஸ்பானிய மாதாகக் காட்டிக்கொள்ள விழையும் உள்நாட்டுப் பெண்ணையும், ஆள்வோருக்கு விருந்து வைத்தே வாழும் செல்வரையும் எள்ளி நகையாடினார். தம் நாட்டைப் பற்றிய புற்றுநோயை மறைக்காமல் திறந்து காட்டுவதே தம் நோக்கம் என்பது அவர் கொள்கை. 1891-இல் வெளிவந்த அவரது இரண்டாம் நாவலிலோ, குண்டு வைத்து ஆட்சியைத் தகர்க்க முனைபவன் தோல்வியே அடைகின்றான். இவ்வாறு கலகத்தை ஊக்காத கதைகளை எழுதியவரையும் ஆட்சியாளர் விடவில்லை. நாவல் தடை செய்யப்பட்டது. அவர் குடும்பத்தார் கலாம்பாவினின்றும் வெளியேற்றப்பட்டனர். நாடு கடத்தி வைக்கப்பட்ட ரிசால், 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

இந்தியாவிலும் கதை நூல்கள் அரசின் சினத்திற்கு ஆளாயின. சரத் சந்திரர் வங்க மொழியில் எழுதி 1926-இல் நூலாக வந்த 'பதேர் தாபி' பறிமுதல் செய்யப்பட்டது. காவிரி கடலொடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்திற் பிறந்த கா. சி. வேங்கடரமணி, அரசாங்கப் பதவியைத் துறந்து நாட்டுப்பணி மேற்கொள்ளும் இளைஞனின் கதையாகிய 'தேசபக்தன் கந்த'னை 1932-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் பின்னர்த் தமிழிலும் தந்தார். எனினும், நூலறிந்தார் வட்டத்தைக் கடந்து தமிழகமெங்கும் பேசப்பட்ட விடுதலை நாவல் கல்கியின் 'தியாக பூமி'யே ஆகும்.

மாயூரத்தையடுத்த புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது பள்ளிப் படிப்பை உதறியவர். மும்முறை சிறை சென்றவர். 1938-39-இல் 'ஆனந்த விகடன்' இதழில் அவர் இந்நாவலைத் தொடர்கதையாக எழுதினார். இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக எடுத்தார். படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக இதழில் வெளிவந்தன. திருவிடைமருதூருக்கு மேற்கே பாபநாசம் சுப்பிரமணியத்தின் ஊர். கதைத் தலைவராக நடித்த பாபநாசம் சிவனுக்கும் அவ்வூரே பெயர் தந்தது. கிழக்கே மாயூரம் கல்கியின் பகுதி. விகடன் அதிபர் எஸ். எஸ். வாசனோ தெற்கே திருத்துறைப்பூண்டியில் தோன்றியவர். நால்வரும் பழைய தஞ்சை மாவட்டத்தினர் என்பது வியப்பூட்டுவதாயினும், அவர்கள் காட்டிய சிற்றூரின் உண்மைத்தன்மைக்குக் காரணம் அதுவே.

நெடுங்கரை என்னும் கற்பனை ஊரில் வாழும் சம்பு சாஸ்திரி நிலமும் மதிப்பும் உடையவர். புயலும் வெள்ளமும் சேரியைப் பாழாக்கியபோது, வீடிழந்த அரிசன மக்கட்குத் தம் இல்லத்தில் இடமளிக்கின்றார். அக்கிரகாரம் அவரைச் சாதிக் கட்டுப்பாடு செய்து ஒதுக்குகின்றது. அவர் மகள் சாவித்திரியை மணந்த ஸ்ரீதரன், மேனாட்டு நடையுடை மோகத்தில் மூழ்கி, நாட்டுப்புறப் பெண் எனத் தன் மனைவியை இகழ்கின்றான். கருவுற்ற நிலையில் துரத்தப்பட்ட அவள், தான் பெற்ற குழந்தையைத் தந்தையினிடத்தே விட்டு அகல்கின்றாள். ஆண்டுகள் சில சென்றபின், பெருஞ்செல்வத்திற்கு உரியவளாய் உமாராணி என்னும் பெயரோடு திரும்பி வருகின்றாள். திடீரென வந்த அச்செல்வம் கதைக்காக வருவித்தது என்பதை மறுக்கவியலாது. கல்கியின் நகைச்சுவை நடை அதனைப் பொறுத்துக்கொள்ளச் செய்கின்றது.

செல்வங்கண்டு உறவு கொண்டாட வந்த ஸ்ரீதரன், அவள் தன்னோடு வாழவேண்டுமென நீதிமன்றத்தை நாடுகின்றான். சட்டம் அவன் பக்கம். அவளோ, வேண்டுமாயின் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகவும், அவனோடு வாழ்வதற்கு இசைவதில்லை எனவும் கூறுகின்றாள். கணவன் மனைவிக்குத் தருவதே ஜீவனாம்சம் என்றிருந்த நாளில் இவ்விடை பெரும் பரபரப்பை விளைவித்தது. இதனை இல்லற வழக்கு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. வலியோன் கையில் சட்டம் இருப்பினும், அதற்கு உடன்படேன் எனக் கூறும் துணிவே அக்காலத்து ஒத்துழையாமை. நாடு வெள்ளையரிடம் கூறியதனையே சாவித்திரி கணவனிடம் கூறினாள். கதையின் முடிவில் அவள் விடுதலைத் தொண்டில் இறங்கிச் சிறை செல்லுதல் இதனாற் பொருத்தமாகின்றது.

இந்நாவலில் ஆங்கிலேயர் மிகுதியாக வருவதில்லை. தீண்டாமையையும், பெண்ணடிமையையும், அயலாரைப் போன்று நடிக்கும் அடிமை மனத்தையுமே கல்கி நேராகத் தாக்கினார். ரிசாலின் போலி ஸ்பானிய மாதுக்கும் ஸ்ரீதரனுக்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது. மொழியில் மட்டும் இருவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ரிசால் ஆள்வோர் மொழியாகிய ஸ்பானியத்தில் எழுதினார். அவருடைய மக்களுள் பெரும்பாலோர் அதனைப் படிக்க அறியார். கல்கியின் தமிழையோ, எழுத்தறியாதவரும் பிறர் படிக்கத் திண்ணையிலிருந்து கேட்டு உணரலாம். வாரந்தோறும் இதழை எதிர்நோக்கிய குடும்பங்களில், அரசியற் கூட்டத்திற்குச் செல்லாத பெண்டிரும் முதியோரும் விடுதலைச் செய்தியைச் சாவித்திரியின் துயரத்தின் வாயிலாகக் கேட்டனர்.

திரைப்படம் 1939-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தமையால், தேசத் தொண்டர் ஊர்வலமும் டி. கே. பட்டம்மாள் பாடிய நாட்டுப் பாடலும் இடையூறின்றித் திரையில் ஏறின. உலகப்போர் மூண்டு, அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் பதவி விலகியதும் நிலைமை மாறிற்று. 1940-இல் ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது. தடை வருமென அறிந்த படத்தார், சென்னை கெயிட்டி அரங்கிற் கட்டணமின்றி அதனைக் காட்டியதாகவும், திரண்ட கூட்டத்தின்மீது காவலர் தடியடி நிகழ்த்தியதாகவும் கூறுவர்.

எழுத்தில் வந்த கதையைப் பொறுத்த அரசு, அக்கதை திரையில் வந்தவுடன் அஞ்சியதேன்? படிப்பவர் சிலர், பார்ப்பவர் பலர் என்பது ஒரு விடை. ஆயினும் பார்த்தவர்கள் முன்னரே இதழில் அழுது முடித்தவர்கள் என்பதையும் கருதுதல் வேண்டும். தொடர்கதை உழுது வைத்த நிலத்திலேதான் படம் விதையாக விழுந்தது.

நெடுங்கரைச் சேரி மக்கள் சம்பு சாஸ்திரியின் இரக்கத்தைப் பெறுகின்றனர்; தம் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் அவர்கள் பேசுவதில்லை. அக்குறையை விடுதலைக்குப்பின் வந்தோர் நோக்கினர். கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தினர் நாற்பத்து நால்வர் குடிசையொன்றில் எரியுண்டு மாண்டனர். அக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டு, கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' என்னும் நாவலை எழுதினார். சாகித்திய அகாதெமி 1977-ஆம் ஆண்டிற்கான பரிசினை அதற்கு வழங்கிற்று.