ஐந்து டோன், ஒரு முகம்: வெட்டுத்துணியில் மனிஷா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ட்ரெயினிங் போனவங்களுக்கு வேஸ்ட் துணி மூட்டை தெரிஞ்சிருக்கும். மெஷின்ல வழியுற எண்ணெயைத் துடைக்க கிலோ கணக்கில் வாங்கி வைப்பாங்க. கட்டம், பூ, கோடு, வெளுத்தது எல்லாம் கலந்து கிடக்கும். அப்படிப்பட்ட துண்டுகளில் ஒருத்தர் முகத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும். இமேஜ் ப்ராசஸிங் பாடத்தில் படிச்சதும், ஊசியில் நூல் கோர்க்கத் தெரிஞ்சதும் போதும்.

நாங்க நாலு பேர் தேர்ந்தெடுத்தது நம்ம திருவள்ளூர்க்காரர் மனிஷா ராமதாஸ். 2022இல் பாரா பேட்மின்டன் உலக சாம்பியன். 2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று வென்று வெண்கலம் வாங்கினார். பிறக்கும்போது ஏற்பட்ட நரம்புப் பாதிப்பால் அவருடைய வலக் கையின் இயக்கம் குறைவு. அவர் ஆடும் எஸ்.யூ.5 பிரிவு, கையில் பாதிப்பு உள்ளவர்களுக்கானது.

இந்தக் கலை நமக்குப் புதுசு இல்லை. தேரில் தொங்கும் தொம்பைகளைக் கவனிச்சிருக்கீங்களா? கலர் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்ததுதான் அது. அதோடு நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குயில்ட். அமெரிக்காவின் பிசா பட்லர் இப்படி ஆளுயர உருவப்படங்களே செய்கிறார். நீலம், ஊதா, பச்சைத் துணிகளில் முகம் தைத்தாலும் ஆள் உயிரோடு நிற்பது போல இருக்கும். காரணம் எளிது: முகத்தை அடையாளம் காட்டுவது நிறத்தைவிட வெளிச்சமும் நிழலும்தான்.

இனி செய்முறை.

1. படம்: ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் படமாகப் பாருங்க. பத்திரிகைப் படம் என்றால் உரிமை உள்ளவரிடம் அனுமதி கேளுங்க.

2. டோன்: படத்தை கிரேஸ்கேல் ஆக்குங்க. 0 முதல் 255 வரையுள்ள அளவை ஐந்தாகப் பிரித்தால் ஒரு டோனுக்கு ஏறத்தாழ 51. பொடிப்பொடிப் புள்ளிகளை மீடியன் ஃபில்டர் போட்டு நீக்குங்க. கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய அளவுக்கு ஒவ்வொரு துண்டும் பெரிதாக இருக்கணும்.

3. அளவு: ஒன்பது ஏ4 தாள்களை 3×3 ஆக ஒட்டினால் 63 × 89 செ.மீ. சுவரில் மாட்ட நல்ல அளவு.

4. துணி: பனியன் துணி வேண்டாம், இழுபடும். நெய்த பருத்தித் துணி எடுங்க. எண்ணெய் படாததாகப் பார்த்து, சாயம் போகுதான்னு ஒருமுறை துவைச்சுடுங்க. பிறகு எல்லாத் துண்டையும் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்க. நமக்கு வேறு வேறாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாக இருக்கலாம். அப்போ இரண்டும் ஒரே டோன்தான்.

5. அடுக்கு: வெளிர் துணி அடியில், முழு உருவமாக. அதன்மேல் அடுத்த டோன், கடைசியில் அடர்ந்தது. மாற்றி அடுக்கினால் அடியிலுள்ள கருமை மேல்துணி வழியே தெரியும். ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபியூசிங் தாள். அதில் படத்தை இடம் வலம் திருப்பி வரையணும். மறந்தால் மனிஷாவின் வலக் கை இடக் கையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் நாங்க மாட்டினோம். துண்டுகளை அடுக்கிப் பார்த்தால் முகம் அப்படியே வந்திருந்தது. வலக் கையைக் காணோம்! நிழலில் இருந்த கையும் பின்னால் இருந்த இருட்டும் ஒரே டோனில் விழுந்து ஒன்றாகிவிட்டன. “விடுங்கடா, முகம் வந்தாச்சுல்ல” என்றான் ஒருத்தன். கொஞ்ச நேரம் எல்லாருக்குமே அது சரின்னுதான் பட்டது.

பிறகு யோசித்தோம். அந்தக் கையோடுதான் அவர் கோர்ட்டில் இறங்குகிறார், ஜெயிக்கிறார். அது இல்லாமல் தைத்தால் அது யாரோ ஒருவரின் படம். அழித்தது சாஃப்ட்வேர் என்றாலும், அப்படியே விட்டால் பொறுப்பு நம்முடையது. ஆகவே பின்னணியைத் தனியாகப் பிரித்து வெளிர் மஞ்சள் துணி கொடுத்தோம். கைப்பகுதிக்கு மட்டும் த்ரெஷோல்டைத் தனியாக வைத்தோம். இரண்டு நாள் கூடுதல் வேலை. கை வந்தது.

6. தையல்: அடியில் காடா துணி, நடுவில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு, மேலே படம். தைக்கத் தைக்கச் சுருங்கும் என்பதால் கீழிரண்டையும் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக வெட்டுங்க. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்கு குத்திட்டு, அதே வரிசையில் நூல் ஓட்டுங்க. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும். கன்னத்தில் வளைவாகவும், கையில் நீளவாக்கிலும் தையல் போகட்டும். நெருக்கமாகத் தைத்த இடம் அமுங்கும், விட்ட இடம் எழும்பும். அந்த மேடு பள்ளத்தில் விழும் நிழல் ஆறாவது டோன்.

7. ஓரம்: நாடாத் துணி மடித்து அடிச்சு, பின்னால் ஒரு குழாய்ப்பை தைத்துக் கம்பு செருகினால் மாட்டிவிடலாம். நேர் வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும்.

நீங்க யாரைத் தைக்கப் போறீங்களோ தெரியாது. எந்தப் படமானாலும், ஒவ்வொரு படி முடிந்ததும் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேளுங்க: இதில் எது காணாமல் போயிருக்கு? அது போனால் பரவாயில்லையா?