மாட்டை எண்ணாதீர்கள், சாணியை நிறுத்துப் பாருங்கள்

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாண எரிவாயுக் கலன் கட்டி எட்டு வருஷம் ஆகிறது. இன்று காலை இட்லி வெந்ததும் அதில்தான். "சிலிண்டர் வாசலுக்கே வரும்போது எதுக்கு இந்தச் சாணி வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும், கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கலனில் குறை இல்லை. நான் ஏமாந்தது அதன் அளவில்.

வீட்டில் ஐந்து பேர். ஓர் ஆளின் சமையலுக்கு நாளைக்குக் கால் கனமீட்டர் வாயு ஆகும். வெந்நீரையும் சேர்த்தால்கூட 2 கனமீட்டர் கலன் எங்களுக்குத் தாராளம். கட்ட வந்த மேஸ்திரி இடத்தைக் காலால் அளந்துகொண்டே சொன்னார்: "ஏனுங்கக்கா, நாளைக்கு மாடு பெருகுனா மறுபடியும் குழி வெட்டுவீங்களா? இப்பவே நாலு போட்டுக்குங்க." செங்கல், சிமெண்டு, கூலி எல்லாம் கூடின. மாடு எத்தனை என்று கேட்டார், நாலு என்றேன். கட்டுத்தரையில் எத்தனை கிலோ சாணி விழுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எனக்கு அதிகம் செலவு வைத்த தப்பு அதுதான்.

1 கிலோ பச்சைச் சாணியில் சுமார் 40 லிட்டர் வாயு வரும். 2 கனமீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ வேண்டும். 4 கனமீட்டருக்கு 100 கிலோ. ஒரு நாட்டு மாடு நாள் முழுக்கப் போடுவதே 10 கிலோ அளவுதான். எங்கள் மாடுகளோ பகலெல்லாம் கொறங்காட்டில் மேய்பவை. பகல் சாணி கொழுக்கட்டைப்புல்லுக்குப் போய்விடும். ராத்திரிச் சாணி மட்டும்தான் கட்டுத்தரைக்கு. உங்கள் மாடுகளும் மேய்ச்சலுக்குப் போகிறவைதானே? இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. கலனை நிரப்ப நாலு டன் சாணியை விலைக்கு வாங்கி, டிராக்டரில் கொண்டுவந்து கரைத்து ஊற்றியிருந்தோம். அந்தச் சாணியின் தயவில் அடுப்பு நீலமாக எரிந்தது. மேஸ்திரி அதைக் காட்டியே பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் மாதம், சாம்பார் பாதி கொதிக்கையில் தீ சுருங்கி அணைந்தது. போன் போட்டால், "உங்க சாணியில சத்தில்லீங்கக்கா" என்றார். கொறங்காட்டுப் புல் தின்ற காங்கயம் மாட்டின் சாணியை அப்படிச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் தராசை எடுத்தேன். ஏழு நாள், விடிந்ததும் சாணிக்கூடையைத் தொங்கவிட்டு நிறுத்தேன். 21, 23, 22 என்று வந்தது. ஒரு கனமீட்டர் வாயுவுக்குக்கூடப் போதாது. எங்களுடையது 1984இல் வந்த தீனபந்து வகை, தரைக்கடியில் செங்கல் குவிமாடம். உள்ளே சேரும் வாயு சாணிக் கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளி ஏற்றினால்தான் அடுப்புக்கு அழுத்தம் வரும். பெரிய குவிமாடத்தில் கொஞ்சம் வாயு சேர்ந்தால் கரைசல் ஏறாது. இருக்கிற வாயுவும் சோம்பித்தான் எரியும். பசியோடு கிடக்கிற பெரிய கலனைவிட வயிறு நிறைந்த சின்னக் கலன் மேல்.

கட்டிய குவிமாடத்தைச் சுருக்க முடியாது. அதனால் சாணியைக் கூட்டினேன். மாடுகளைச் சாயங்காலம் நாலு மணிக்கே ஓட்டிவந்து கட்டினோம். பக்கத்துத் தோட்டத்தில் சீமை மாடு வைத்திருப்பவர்களிடம் தினம் இரண்டு கூடை சாணி வாங்கி, பதிலுக்கு வெளித்தொட்டிக் கரைசலைக் கொடுத்தேன். முதலில் தயங்கினார்கள். அந்தக் கரைசல் பாய்ந்த எங்கள் தென்னைகளைப் பார்த்த பிறகு அவர்களே கூடையைச் சுமந்து வந்தார்கள். இப்போது தினம் 50 கிலோ சேர்கிறது. 1 கனமீட்டர் வாயு ஏறக்குறைய 0.45 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். மாதக் கணக்கில் பார்த்தால் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

மற்றதெல்லாம் சுலபம். வெயில் விழும் இடமாக, கிணற்றைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். சாணிக்குச் சம அளவு தண்ணீர் ஊற்றி, வைக்கோலையும் மண்ணையும் பொறுக்கிவிட்டுக் கரையுங்கள். முதலில் வரும் வாயு எரியாது, வெளியே விட்டுவிடுங்கள். குழாய் தாழும் இடத்தில் தண்ணீர் வடிய வழி வையுங்கள். சிலிண்டர் அடுப்பு இதற்கு ஆகாது, தனி அடுப்பு வாங்குங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீரை உள்ளே விடாதீர்கள்.

குழி வெட்ட ஆள் கூப்பிடும் முன் ஏழு நாள் சாணியை நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு நாள் சராசரியை 25ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் கலனின் கனமீட்டர். அதற்கு மேல் ஒரு செங்கல்கூட வைக்க விடாதீர்கள்.