பெருங்கல் ஈமக்குழிகள்

செவிலிமேட்டிற்குத் தெற்கே பாலாற்றைக் கடந்தால் விரிந்து கிடக்கும் பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதிகளில், குன்றுகளின் அடிவாரத்தே உருண்டைக் கற்கள் வட்டமாகப் பாதி புதைந்து நிற்பதைப் பல இடங்களிற் காணலாம். இத்தகையவற்றை நாட்டுப்புற மக்கள் பாண்டவர் குழி என்பர். இவை நம் முன்னோர் தம்முள் இறந்தாரை அடக்கிய ஈமக்குழிகளேயாம்.

அயர்லாந்து நாட்டு நியூகிரேஞ்சில் உள்ள பெருங்கல்லறை ஏறத்தாழக் கி.மு. 3200-இல், மக்கள் உலோகம் அறியாத புதிய கற்காலத்தில் எழுந்தது. அதனை ஒப்பிட்டு, நம் நாட்டுக் குழிகளும் அக்காலத்தனவே எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினராகிய பானர்ஜியும் சௌந்தரராஜனும் அகழ்ந்தபோது, கருப்பு சிவப்பு மட்கலங்களோடு இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. ஆகவே இவை இரும்புக் காலத்தன என்பது தெளிவு.

இனி, இவற்றின் அமைப்பைக் காண்போம். முதற்கண் நிலத்தில் ஆழ்ந்த குழி தோண்டுவர். சிலவிடத்து அதனுள் கால்கள் பொருந்திய நீண்ட சுடுமட்பேழையை வைப்பர். வேறு சிலவிடத்து நான்கு கற்பலகைகளை நிறுத்திப் பதுக்கை அமைப்பர். கருநாடகத்துப் பிரமகிரியில் 1947-இல் வீலர் அகழ்ந்த பதுக்கைகளில் ஒரு நுட்பம் புலனாயிற்று. ஒவ்வொரு பலகையும் அடுத்ததன் விளிம்பைத் தாங்கி அப்பாலும் நீண்டு நிற்கும். புறத்தே மண் எவ்வளவு நெருக்கினும், ஒன்றையொன்று தடுத்து நிற்றலால், பலகைகள் உள்ளே சாயா. சாந்து இன்றியே நிலைத்த கட்டுமானம் இது! ஒரு பலகையில் வட்டத் துளை இடுதலும் உண்டு. திரட்டிய எலும்புகளையும், கலங்களையும், கருவிகளையும் உள்ளே வைத்து, மூடுகல் ஏற்றி, மண்ணும் கல்லும் குவித்து, சுற்றிலும் வட்டக் கற்களை நாட்டுவர். பெருங்கற்களைப் பெயர்த்து வந்து ஏற்றுதல் ஒருவர் இருவரால் ஆவதன்று. ஊர் கூடிச் செய்த தொழிலே அது.

இவ்வழக்கம் நம் இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது, அவன் பெருமைக்கேற்ற தாழியை வனைய இயலுமோ எனக் குயவனை வினவுகின்றார் ஐயூர் முடவனார். அது புறநானூற்று 228 ஆம் பாட்டு. காஞ்சியோடு தொடர்புடைய மணிமேகலையும், சுடுதல், தாழியிற் கவித்தல் முதலிய ஐவகை ஈம முறைகளைத் தொகுத்துரைக்கின்றது.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. இக்குழிகள் பெரும்பாலும் உழவுக்கு உதவாத கன்னிலத்தே உள்ளன. விளைநிலத்தை வாழ்வார்க்கு விடுத்து, வன்னிலத்தை இறந்தார்க்கு ஒதுக்கினர் போலும். அன்று அவற்றைக் காத்த அத்தரிசு நிலமே இன்று அவற்றிற்குக் கேடாயிற்று. பயனற்ற கரம்பெனக் கருதிக் கல்லுடைப்போரும் மனை வகுப்போரும் அங்கே புகுகின்றனர். ஒரு கலம் எக்கல்லின் கீழ், எவ்வெலும்பின் அருகே இருந்தது என்பதே வரலாறு. கல் பெயர்ந்தால் கலம் எஞ்சலாம். அதன் செய்தி எஞ்சாது.

ஆதலின் மாணவ நண்பர்காள், கல்வட்டம் ஒன்றைக் காணின் அதனைத் தோண்டற்க. இடத்தைக் குறித்து, படமெடுத்து, தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்பீராக. ஏடெழுதி வையாத அம்முன்னோர் தம்மைப்பற்றி நமக்கு விட்டுச்சென்ற எழுத்து இக்கற்களே.