பின்கட்டுக்கு வரும் பூனையை விரட்ட விஷம் வேண்டாம்



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தாய் தன் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடி வந்தார். "ஐயா, பக்கத்து வீட்டில் பூனைக்கு வச்ச கருவாடுங்க. இவன் எடுத்து வாயில வச்சுட்டான்!" அந்தக் கருவாட்டில் எலி மருந்து தடவியிருந்தது. உடனே பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பல எலி மருந்துகள் தின்ற அன்றைக்கு ஒன்றும் காட்டாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உடம்பில் இரத்தம் கசியத் தொடங்கும். அதனால் அவனைப் படுக்கவைத்து, இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். பையன் பிழைத்தான்.

மருந்து வைத்தவர் கெட்டவர் அல்லர். அவர் பாடுபட்டுப் போட்ட கீரைப் பாத்தியைப் பூனை தினம் அசுத்தம் செய்தது. ஆத்திரம் வந்துவிட்டது. ஆனால் பூனைக்கு வைக்கும் விஷம் பூனை வாய்க்குத்தான் போகும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கோழிகள் இருக்கின்றன. சட்டமும் சும்மா விடாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி பிராணிகளைக் கொடுமை செய்தால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பூனையின் அசுத்தத்தால் என்ன கெடுதல்?

கெடுதல் உண்டு. பூனை மலத்தில் 'டாக்ஸோபிளாஸ்மா' என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கலாம். பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம். பிள்ளையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். இந்தக் கிருமி மலத்தோடு வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் பக்குவம் அடைகிறது. ஆகவே அசுத்தத்தை அன்றைக்கே அள்ளிப் புதைத்துவிட்டால் பாதி ஆபத்து போயிற்று. விட்டுவிட்டால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கொக்கிப்புழுவும் உண்டு. வெறுங்காலோடு அந்த மண்ணை மிதித்தால் புழுவின் குஞ்சு தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக அரிப்பு எடுக்கும். சிலிப்பர் போடுங்கள். கர்ப்பிணிகள் பாத்தி வேலையை வேறொருவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் கையுறை போட்டுச் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். அரைவேக்காட்டு இறைச்சியிலும் இதே கிருமி வரும்.

பூனை ஏன் வருகிறது?

மூன்று காரியத்துக்காக வருகிறது: தீனி, இளகிய மண், மறைவிடம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால், நீங்கள் கல்லெடுக்க வேண்டியதில்லை. அது தானே வேறிடம் பார்க்கும்.

1. தீனி: மீன் கழுவிய குடலையும் செதிலையும் வாய்க்காலில் வீசாதீர்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள். கோழித்தீனியை இரவில் வெளியே விடாதீர்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும்.

2. மண்: பூனைக்குக் காய்ந்த, இளகிய மண்தான் பிடிக்கும். பாத்தி போட்டதும் கோழிக் கம்பி வலையை மண்மேல் தட்டையாக விரித்து, ஓரங்களை உள்ளே மடக்கிப் புதையுங்கள். நாற்று வலைக்கண் வழியாக முளைத்து வரும். பூனையால் தோண்ட முடியாது. வலை இல்லையா? மூங்கில் குச்சிகளை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நெருக்கி ஊன்றுங்கள். நுனி மழுங்கலாக இருக்கட்டும். செம்பனை மட்டை முள் வேண்டாம். பிள்ளைகள் காலிலும் ஏறும். மாலையில் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

3. மறைவிடம்: விறகுக் கொட்டகையின் சந்து, வீட்டின் அடிப்பக்கம் இவற்றைப் பலகை வைத்து அடையுங்கள். அடைக்குமுன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இருந்தால் எட்டு வாரம் பொறுங்கள். பால் மறந்ததும் அடைக்கலாம்.

ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் வாசனை சில பூனைகளுக்குப் பிடிக்காது. போட்டுப் பாருங்கள், மழைக்குப் பின் மறுபடி போடவேண்டும். மிளகாய்த்தூள் தூவாதீர்கள், அது பூனைக் கண்ணையும் புண்ணாக்கும், தவழும் குழந்தை கண்ணையும் புண்ணாக்கும். பாச்சை உருண்டையும் கூடாது. 'ஜி-6-பி-டி' குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் நெடியே இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலை தரும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா என்று பிறந்தபோதே சோதித்துச் சொல்லியிருப்பார்கள். சுகாதாரப் புத்தகத்தைப் பாருங்கள்.

பூனை கீறினால், கடித்தால்

காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே மருந்தகத்துக்கு வாருங்கள். பூனைக் கடி சிறு துளையாகத்தான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். வெறிநோயையும் மறக்கக்கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது தலைகாட்டியது. நாயிடமிருந்து பூனைக்கும் அது தொற்றும்.

பக்கத்து வீட்டோடு பேசுங்கள்

பூனை அடுத்த வீட்டாருடையது என்றால் சண்டை எதற்கு? "அக்கா, உங்க பூனை எங்க பாத்திக்கு வருது. உங்க பக்கம் ஒரு மூலையில கொஞ்சம் மணல் போட்டு வைங்களேன்" என்று பதமாகச் சொல்லுங்கள். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் ஈனும். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. நான்கைந்து வீட்டார் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட்டால் லயத்துக்கே நிம்மதி. குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பாசாரில் விடுவது பாவம். நம் தொல்லையை இன்னொருவர் தலையில் கட்டுவதுமாகும்.

எல்லாப் பூனையையும் ஒழிக்கவும் நினைக்காதீர்கள். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கமான எதிரி. அந்த எலியைப் பிடிக்கிற பிராணி நமக்கு முழு விரோதி ஆகாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி, பாத்திக்கு வலை, சந்துக்குப் பலகை. அதோடு, யார் வீட்டிலாவது விஷக் கருவாடு கிடந்தால் இன்றே பொறுக்கிப் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். பூனை நாளைக்கும் வரலாம். பிள்ளை போனால் வருமா?