குளம்பு வெடிப்பு: மேலிருந்தா, கீழிருந்தா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தியூர்ச் சந்தையில் அப்பா வாங்கிய குதிரைக்கு முன்னங்கால் குளம்பில் வெடிப்பு இருக்கிறது, என்ன எண்ணெய் தடவலாம் என்று கேட்டிருக்கிறாய். எண்ணெய் கிடக்கட்டும் கண்ணு. வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்.

குளம்பின் சுவரும் நம் நகமும் ஒரே பொருள்தான், கெரட்டின். கால் மயிர் முடியும் விளிம்பில் புதுச் சுவர் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். முன்பக்கத்தில் தரையைத் தொடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிவிடும். குதிப் பக்கம் உயரம் குறைவு, அதனால் சீக்கிரம். ஒருமுறை பிளந்த சுவர் திரும்ப ஒட்டாது. நல்ல சுவர் மேலிருந்து இறங்கி வர, பிளந்த பகுதி கீழே அரத்தில் தேய்ந்து போகவேண்டும். வைத்தியம் என்று நாம் செய்வதெல்லாம் அதுவரை வெடிப்பு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். பத்து நாளில் குணமாக்கும் டப்பா என்று யாராவது விற்றால் வாங்காதே.

உன் குதிரைக்கு வெடிப்பு தரையிலிருந்து ஏறுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் குளம்பை வெட்டாமல் விட்டதுதான். முன்பகுதி நீண்டுபோனால், கால் தரையை விட்டு எழும்போதெல்லாம் அந்த நீளம் நெம்புகோலாகி, சுவரை உள்ளிருக்கும் சதையிலிருந்து பிரிக்கப் பார்க்கும். மழைச் சேற்றில் ஊறி வெயிலில் காய்வது மாறி மாறி நடந்தால் இன்னும் மோசம். நீண்ட முன்பகுதியைக் குறைத்து, ஓரத்தை அரத்தால் உருட்டி, வெடிப்பு தரையைத் தொடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சீவி, அந்த இடம் எடை தாங்காதபடி செய்யவேண்டும். பிறகு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வெட்டவேண்டும். வெடிப்பின் உச்சியில் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டால் அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். கீழே இருக்கும் இழுவையைக் குறைக்காமல் கீறுவது வீண் வேலை.

ஆறுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். மயிர் விளிம்புக்கும் வெடிப்பின் உச்சிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று மாதாமாதம் எழுதிவை. கூடிக்கொண்டே போனால் நல்லது. அதே அளவில் நின்றால் மகிழ்ந்துவிடாதே. குளம்பு வளர்ந்த அளவுக்கு வெடிப்பும் மேலே ஏறியிருக்கிறது என்று பொருள்.

மயிர் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு வேறு சங்கதி. கம்பி கிழித்தோ, அடிபட்டோ, குளம்பு ஒருபக்கமாக எடை தாங்கியோ, சுவர் பிறக்கும் இடமே கெட்டிருக்கும். நடக்கும்போது அது விரிந்து மூடும், ரத்தம் கசியும், குதிரை நொண்டும். இதற்குக் கால்நடை மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து வரவேண்டும். குதிப்பக்கம் மூடிய லாடம் அடிப்பதும், கம்பியால் இழுத்துத் தைப்பதும், பிசின் வைத்து ஒட்டுவதும் அவர்கள் பாடு. நீயாக எதையும் அப்பி அடைக்காதே. உள்ளே கிருமி இருக்கும்போது காற்றுப் புகாமல் மூடினால் சீழ் வைக்கும். குறுக்கே ஓடும் வெடிப்பைக் கண்டால் அவ்வளவு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய சீழ் மேலே வெடித்து வெளியேறிய தடம் அது, வளர்ந்து இறங்கிவிடும்.

தீனியில் பயோட்டின் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். சேர்க்கலாம். லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் பல மாதங்கள் கழித்தே மாற்றம் தெரிந்தது. இனி வளரும் சுவருக்குத்தான் அது பயன்படும். ஏற்கெனவே பிளந்ததை அது ஒன்றும் செய்யாது. நீ கேட்ட எண்ணெயும் அப்படித்தான். காய்ந்த குளம்பில் மெல்லத் தடவினால் தோற்றம் நன்றாயிருக்கும், அவ்வளவே.

நம் ஊர்ப் பக்கம் கஷ்டம் ஆள் கிடைப்பதில்தான். பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியாக வந்த குதிரைகள் கவனிக்கத் தெரியாமல் மாண்டன என்றும், விற்பனை குறையக்கூடாதென்று வணிகர்கள் லாடக்காரர்களை இங்கே வரவிடவில்லை என்றும் 13ஆம் நூற்றாண்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வணிகர்கள் போய்விட்டார்கள், தட்டுப்பாடு போகவில்லை! அதற்காக மாட்டு லாடக்காரரை வைத்துச் சமாளிக்க அப்பாவை விடாதே. மாட்டுக் குளம்பு இரண்டு பிளவு, குதிரைக்கு ஒற்றை. வெட்டும் முறையே வேறு. கோவையில் குதிரையேற்றப் பள்ளிகளில் விசாரிக்கச் சொல்.

இன்னொன்று. குதிரையை டெட்டனஸ் சுலபமாகத் தாக்கும். குளம்புக் காயமே அதற்கு வாசல். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்கச் சொல். அவருக்குத் தெரியாவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, நாளைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மாமா