பிலாட்டீஸ்: மூச்சை எண்ணினால் மூளை தெளியுமா?

போன மாதம் நம் வார வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது, நான் பிலாட்டீஸ் செய்யப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நம்மகிட்ட யோகா இருக்கும்போது எதுக்கு வெள்ளைக்காரன் எக்சசைஸ்?" பக்கத்தில் இருந்தவன், "அது பொம்பளைங்க செய்யறதுதானே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது சரியான பதில் வரவில்லை. இந்த மாதப் பாடத்தை எழுதச் சொன்னதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வி சுலபம். இதை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டீஸ், 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு பலவீனம் என்று நோஞ்சானாக இருந்தவர், உடற்பயிற்சியால் உடம்பைத் தேற்றிக்கொண்டார். முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்பதால் பிரிட்டிஷார் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1920-களில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் திறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது உடம்பை மனத்தால் ஆளும் கலை. பிலாட்டீஸ் என்ற பெயர் பிறகு நிலைத்தது. ஆக, முகாமில் அடைபட்டிருந்த ஆண்களுக்கு நடுவே வளர்ந்த பயிற்சி இது. சிரித்த தம்பி கவனிக்கவும்.

நான் போனது ஆர்வத்தால் இல்லை. கடைசி ஆண்டு திட்டப்பணிக்காக ஒரு நாளைக்கு 9, 10 மணி நேரம் மடிக்கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. தங்கச்சிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

திட்டப்பணி இதுதான். ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்ப், நிமிடத்துக்கு 1,450 சுற்று சுற்றும். அதே சட்டகத்தில் ஓர் உணர்கருவி. பம்பின் அதிர்வு கருவிக்குப் போய், அது காட்டும் எண்கள் எல்லாம் குதித்தன. நான் என்ன செய்தேன்? பம்பைத் தாங்கும் தகட்டைத் தடிப்பாக்கினேன். பிறகு இன்னும் தடிப்பாக்கினேன். போல்ட்டை முறுக்கினேன். ஆறு வாரம் இதே கதை. வரைபடத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்கும். தேதி நெருங்குகிறது, புதிதாக எதுவும் தோன்றவில்லை. எனக்குப் பொறியியல் ஒத்துவராது என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இரண்டு ராத்திரி யோசித்தேன்.

அந்த நிலையில்தான் 'நூறு' என்ற பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் லேசாகத் தூக்கி, கால்களையும் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் நீட்டிய கைகளைச் சின்னச் சின்னதாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை மூச்சு உள்ளே, ஐந்து எண்ணும்வரை வெளியே. பத்து முறை செய்தால் நூறு. கேட்க எளிது. எனக்கு நாற்பதிலேயே கழுத்து வலித்தது. ஆசிரியை வந்து என் தாடையைத் தொட்டுக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வயிறு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து, தாடை, கைவிரல் எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தன. உடம்பு முழுவதையும் இறுக்காதே, நடுப்பகுதி மட்டும் உறுதியாக இருக்கட்டும், மற்றதை விட்டுவிடு என்றார். அதைச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்றாவது வாரம், வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில், தகடு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் இறுக்கினால் அதிர்வு எங்கே போகும்? நேராகச் சட்டகத்துக்குத்தான் போகும். இறுக்கக் கூடாது. பம்புக்குக் கீழே ரப்பர் வைத்து அதை அசையவிட வேண்டும். பம்பின் அதிர்வெண், தாங்கியின் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல் போய்விட்டால், கீழே இறங்கும் அதிர்வு குறைய ஆரம்பிக்கும். மென்மையான தாங்கிக்கு இயல்பு அதிர்வெண் குறைவு. கணக்கு சரியாக வந்தது. மேற்பார்வையாளரிடம் பெருமையோடு காட்டினேன். "இது இரண்டாம் ஆண்டிலேயே படிச்சதுதானே?" என்றார்.

உண்மைதான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நான் சொல்ல வருவது அந்த இடம்தான். பிலாட்டீஸ் என் தலைக்குள் புதிதாக ஒன்றையும் வைக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததை எடுக்க முடியாமல் பயம் வழியை அடைத்திருந்தது. ஒரே நேரத்தில் மனம் கையில் வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் மிகக் கொஞ்சம். 'தோற்றுவிடுவேனோ' என்ற கவலையே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் யோசிக்க இடமேது? மூச்சை எண்ணு, வயிற்றைப் பிடி, கழுத்தை விடு என்று மூன்று வேலை கொடுத்தால், அந்த நேரத்துக்குக் கவலைக்கு உட்கார நாற்காலி இல்லை.

இதற்கு அறிவியல் பக்கமும் உண்டு. 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தத்தின்போது அட்ரினலின் சுரக்கும் சுரப்பியோடு மூளையின் எந்தெந்தப் பகுதிகளுக்குத் தொடர்பு என்று குரங்குகளில் நரம்புவழியாகத் தேடிப் பார்த்தார்கள். சிந்தனைப் பகுதிகள் மட்டுமல்ல, உடம்பின் நடுப்பகுதித் தசைகளை இயக்கும் பகுதிகளும் அந்தத் தொடர்பில் இருந்தன. வயிறும் முதுகும் வேலை செய்வதற்கும் பதற்றத்துக்கும் பாதை இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பிலாட்டீஸ் செய்தால் அறிவு வளரும் என்று அது சொல்லவில்லை. விளம்பரங்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

2014-இல் ஸ்டான்போர்டில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். அது நடைப்பயிற்சி பற்றியது. உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். என் அனுபவமும் அதுதான். யோசனை பஸ்ஸில் வந்தது, கணக்கை மேசையில் உட்கார்ந்துதான் போட்டேன். உடம்பை அசைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் யோசனை காற்றோடு போகும்.

இப்போது முதல் தம்பியின் கேள்வி. யோகா இருக்கும்போது இது எதுக்கு? திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று திருமூலர் மாத்திரைக் கணக்கே சொல்கிறார். மூச்சை எண்ணுவது நமக்குப் புதிதில்லை. எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது, மனத்தை ஒன்றில் நிறுத்தும் தாரணை ஆறாவது. உடம்பும் மூச்சும் அடங்கிய பிறகுதான் மனத்தை நிறுத்தும் பேச்சு வருகிறது.

ஆனால் பிலாட்டீஸும் யோகமும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். யோகம் சமாதி வரை போகிற பாதை. பிலாட்டீஸ் முதுகோடும் வயிற்றோடும் நின்றுவிடும். மூச்சை நிறுத்தி வைப்பதும் இதில் இல்லை. நான் வீட்டில் ஆசனம் செய்யும்போது எதையாவது நினைத்துக்கொண்டே செய்தேன், அதுதான் என் குறை. பிலாட்டீஸ் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது. இப்போது சாமி அறையில் உட்கார்ந்தால் தாடை இறுகுவது எனக்கே தெரிகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஸ்பிரிங் வைத்த ரீபார்மர் கருவி வகுப்பு மாணவர் பைக்குக் கட்டுப்படியாகாது, பாய் போதும். முதல் வாரம் 'நூறு' செய்யும்போது முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையிலேயே வையுங்கள். கழுத்து வலித்தால் தலையைக் கீழே வைத்துவிட்டு எண்ணிக்கையைத் தொடருங்கள். முதுகில் ஏற்கெனவே அடிபட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். முடிந்ததும் கைப்பேசியை எடுக்காமல் ஐந்து நிமிடம் சும்மா இருந்து, பிறகு ஒரு தாளில் சிக்கிய கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த வார வகுப்பில் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சிரித்த தம்பிக்கு முன் வரிசையில் இடம்.